கடிதம் படித்த வாத்தியார்



போன வாரம் துபாயில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி வீடியோ காலில் வந்தாள். நலம் விசாரித்து முடித்துவிட்டு, "சார், எங்க அப்பா சவுதியில இருந்தப்ப அம்மா போட்ட லெட்டரெல்லாம் நீங்கதான் எழுதுனீங்களாமே? அதுல ஒரு கதை இருக்காம். சாரையே கேட்டுக்கன்னு அம்மா சொல்லிட்டாங்க" என்றாள். "அப்புறம் சொல்றேம்மா" என்று பேச்சை மாற்றிவிட்டேன். இரண்டு நாள் தூக்கம் சரியில்லை. பிறகு அவள் அம்மாவிடமே அனுமதி கேட்டு, பெயர் போடாமல் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். 45 நிமிடம் என் வகுப்பில் அசையாமல் உட்கார்ந்தவர்கள்தானே நீங்கள்!

அந்தக் கதை புரிய வேண்டுமானால், நம் பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஒரு சேதி எப்படி வந்து சேர்ந்தது என்பது தெரிய வேண்டும்.

1956 நவம்பர் 23 விடியற்காலை. பெருமழை. சென்னையிலிருந்து போன தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், அரியலூருக்கும் கல்லகத்துக்கும் நடுவே மருதையாற்றில் பாலம் அரித்துப்போய் ஆற்றுக்குள் விழுந்தது. 150 பேர் அளவில் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று ராஜினாமா செய்தது இந்த விபத்துக்காகத்தான். பாடப் புத்தகத்தில் அந்த ராஜினாமா வரும், நம் மருதையாறு வராது. (நவம்பர் 23 என்ற தேதியை நினைவில் வையுங்கள். 2001-ல் பிரிந்து, 2002-ல் மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்த அரியலூர், கடைசியாகத் தனி மாவட்டம் ஆனது 2007-ல் இதே தேதியில்தான்.)

எனக்கு அப்போது நாலு வயது. வீட்டில் திரும்பத் திரும்பச் சொல்லிக் கேட்டதுதான். என் தாய்மாமன் சென்னையில் ஒரு கடையில் வேலை பார்த்தார். அந்த வாரம் ஊருக்கு வருவதாகக் கார்டு போட்டிருந்தார். எந்த நாள், எந்த வண்டி என்று எழுதவில்லை. விபத்துச் சேதி எங்கள் ஊருக்கு வந்ததே பொழுது சாயும் நேரத்தில், அரியலூர் போய்த் திரும்பிய ஒரு மாட்டு வியாபாரி வாய் வழியாக. அப்பா இரவோடு இரவாகக் கிளம்பிப் போனார். இரண்டு நாள் ஆற்றங்கரையிலும் ஆஸ்பத்திரியிலும் முகம் முகமாகப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். வீட்டில் பாட்டி அழுது ஓய்ந்திருந்தார். நாலாம் நாள் ஒரு போஸ்ட் கார்டு வந்தது. "முதலாளி லீவு தரவில்லை. பொங்கலுக்கு வருகிறேன்." மாமா விபத்துக்கு முந்தின நாளே எழுதிப் போட்ட கார்டு அது.

அந்த நாலு நாளை அப்பா சாகும்வரை மறக்கவில்லை. தந்தி என்று ஒன்று இருந்ததே என்பீர்கள். இருந்தது. ஆனால் எங்கள் ஊரில் தந்தி வந்தால், பிரிப்பதற்கு முன்பே ஒப்பாரி ஆரம்பித்துவிடும். அவ்வளவு செலவு செய்து நல்ல சேதி யார் அனுப்புவார்கள்? அது ஆங்கிலத்தில் வேறு இருக்கும். படிக்க ஆள் தேடிப் பள்ளிக்கூடத்துக்கு வருவார்கள். அந்தத் தந்தியும் 2013 ஜூலையில் நின்றுபோனது.

இனி செயற்கைக்கோள். 1945-லேயே ஆர்தர் சி. கிளார்க் என்ற ஆங்கில எழுத்தாளர், பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் மூன்று கோள்களை நிறுத்தினால் ஏறக்குறைய உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று எழுதினார். பின்னால் அவர் நம் பக்கத்து இலங்கையிலேயே குடியேறிவிட்டார். அவர் சொன்னதைக் கிராமத்து அளவில் உலகத்தில் யாரும் செய்து பார்க்காத அளவுக்குச் செய்து பார்த்தது நம் நாடுதான். 1975 ஆகஸ்ட் 1 முதல் ஓராண்டு, அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 கோளை வாங்கிப் பயன்படுத்தி, 6 மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு நேரடியாக டிவி காட்டினார்கள். விவசாயம், சுகாதாரம், பள்ளிப் பாடம். ஆந்திரா, கர்நாடகா வரை வந்தது. தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இல்லை.

பிறகு நம் சொந்தக் கோள்கள். 1981-ல் ஆப்பிள். அதை மாட்டு வண்டியில் ஏற்றி வைத்திருக்கும் போட்டோவைப் பார்த்து வெளிநாட்டுக்காரன் சிரிப்பான். உலோக வண்டியாக இருந்தால் ஆன்டெனா சோதனை பாதிக்கும் என்றுதான் மரவண்டியில் வைத்தார்கள். 1982-ல் போன இன்சாட்-1ஏ சில மாதத்தில் செயலிழந்தது. 1983 ஆகஸ்டில் சேலஞ்சர் விண்கலம் ஏற்றிச் சென்ற இன்சாட்-1பி நிலைத்து நின்றது. அதன் புண்ணியத்தில் நாடெங்கும் டிவி கோபுரங்கள் முளைத்தன.

எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துக் கட்டடத்தில் டிவி வைத்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. திருவிழாக் கூட்டம். வந்தது டெல்லி நிகழ்ச்சி. முழுக்க இந்தி. ஒரு வார்த்தை புரியாமல் ஒன்றரை மணி நேரம் ஊரே உட்கார்ந்து பார்த்தது. ஒரு கிழவி என்னிடம், "நாம பேசுனா அவங்களுக்குக் கேக்குமா சார்?" என்று கேட்டார். சிரித்துவிட்டேன். இப்போது யோசித்தால் அது சிரிக்க வேண்டிய கேள்வியே இல்லை. மேலே இருப்பவன் பேசுவான், கீழே இருப்பவன் கேட்பான். செயற்கைக்கோள் கொண்டுவந்தது அதைத்தான். துபாயில் இருக்கும் மகனிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் அதற்கு வழி என்ன? பழைய வழிதான். லெட்டர்.

நம் இரண்டு மாவட்டமும் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் ஊரை விட்டுப் போக வேண்டியதுதான். லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் எத்தனை பேர்! எழுதத் தெரிந்த குடும்பம் எழுதிக்கொண்டது. கொஞ்சம் வசதி உள்ளவர்கள் கேசட்டில் பேசிப் பதிவு செய்து, ஊருக்கு வருகிற ஆளிடம் கொடுத்து அனுப்புவார்கள். டேப் ரெக்கார்டரைச் சுற்றி வீடே உட்கார்ந்து கேட்கும். மற்றவர்களுக்கு வாத்தியார்தான். சாயங்காலம் பள்ளி மணி அடித்ததும் திண்ணையில் நாலைந்து பெண்கள் காத்திருப்பார்கள். யார் வீட்டில் எவ்வளவு கடன், எந்த மாமியார் என்ன சொன்னாள், எந்த நகை எந்த அடகுக் கடையில், எல்லாம் எனக்குத் தெரியும். அப்போது அதை ஒரு சேவையாக நினைத்துப் பெருமைப்பட்டேன். ஒரு மனைவி தன் புருஷனிடம் சொல்ல நினைப்பதை ஒரு மூன்றாம் ஆண்பிள்ளையிடம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், அவள் எதை விழுங்கிவிட்டு எதைச் சொல்லியிருப்பாள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

நம் மாணவியின் அப்பா 1988-ல் சவுதி போனார். டிரைவர் வேலை என்று ஒரு ஏஜென்ட் 14,000 ரூபாய் வாங்கினார். நிலத்தை அடகு வைத்த பணம். போன இடத்தில் பாலைவனத்தில் ஆடு மேய்க்கிற வேலை. முதல் ஏரோகிராமிலேயே, மடிக்கும் இடத்தில் பொடி எழுத்தில் எனக்கென்று நாலு வரி எழுதியிருந்தார். நிலைமையைச் சொல்லிவிட்டு, "சார், இதை அவளுக்குப் படிக்க வேண்டாம்" என்று. நான் படிக்கவில்லை. "நலமாக இருக்கிறேன், வேலை சுகம்" என்ற பகுதியை மட்டும் படித்தேன். அது அவர் கேட்டபடி செய்தது. அதற்காக எனக்குக் குற்ற உணர்ச்சி இல்லை.

அடுத்தது வேறு. அந்தம்மாவுக்கு ஏதோ உள்ளுணர்வு. "கூழோ கஞ்சியோ குடிச்சுக்கலாம், வந்துடச் சொல்லி எழுதுங்க சார்" என்றார். மூன்று கடிதங்களில் சொன்னார். நான் மூன்றிலும் எழுதவில்லை. "கடன் அடையும்வரை பொறுமையாக இருக்கவும். இங்கு அனைவரும் நலம்" என்று எழுதினேன். நிலம் மூழ்கிவிடுமே, ஏதோ உணர்ச்சிவசப்பட்டுச் சொல்கிறாள், நாலும் தெரிந்தவன் நான்தானே என்ற நினைப்பு. எழுதி முடித்து அவரிடம் படித்துக் காட்டும்போது, அவர் சொன்னதையே படித்துக் காட்டினேன்.

1990 ஆகஸ்ட் 2-ல் ஈராக் குவைத்துக்குள் புகுந்தது. அங்கே சிக்கிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை ஏர் இந்தியா விமானங்கள் மாதக்கணக்கில் ஏற்றி வந்தன. சவுதிக்கும் போர் பரவும் என்று பேச்சு. கடிதம் நின்றுபோனது. ராத்திரி என் வீட்டு வாசலில் பிபிசி தமிழோசை கேட்கக் கூட்டம் கூடும். உலகப் போர் நிலவரம் எல்லாம் தெரிந்தது. தன் வீட்டு மனிதன் உயிரோடு இருக்கிறானா என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. 1956-ல் என் பாட்டி உட்கார்ந்திருந்த மாதிரியே அந்தம்மாவும் உட்கார்ந்திருந்தார். 34 வருடத்தில் வானத்தில் கோள் சுற்றியது, மண்ணில் ஒன்றும் மாறவில்லை.

1991 கோடையில் ஒரு கடிதம் வந்தது. இன்ன வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பெரம்பலூரில் இந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் பேசுகிறேன், அழைத்து வாருங்கள் சார் என்று. மஞ்சள் போர்டு போட்ட அந்த பூத்துகள் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தன. அதற்கு முன் வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் டிரங்க் கால் புக் பண்ணிவிட்டு நாள் முழுக்க உட்கார வேண்டும். 1984-ல் சாம் பிட்ரோடாவை முன்னிறுத்தி ஆரம்பித்த சி-டாட் நிறுவனம், ஏசி இல்லாமலே நம் ஊர் வெயிலையும் தூசியையும் தாங்குகிற சிறிய கிராமத்து எக்ஸ்சேஞ்சை உருவாக்கியது. பூத் நடத்துகிற உரிமையில் மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை. வீட்டுக்கு வீடு போன் தருவதற்குப் பதில், தெருவுக்கு ஒரு போனை எல்லோரும் பயன்படுத்தட்டும் என்ற யோசனை. சுதந்திர இந்தியாவின் நல்ல யோசனைகளில் ஒன்று என்று சொல்வேன். அந்த 1991-ல் நாடு முழுவதற்கும் சுமார் 50 லட்சம் இணைப்புகள்தான்.

சரி, அந்த வெள்ளிக்கிழமை. கண்ணாடிக் கதவுக்குள் அந்தம்மா, இடுப்பில் இப்போது துபாயில் இருக்கும் நம் மாணவி. மணி அடித்தது. எடுத்தார். "அலோ" என்றார். பதில் இல்லை. மறுபடி "அலோ" என்கும்போது அவர் குரல் வந்து மோதியது. இருவரும் நிறுத்தினார்கள். மறுபடி இருவரும் ஒன்றாகப் பேசினார்கள். எட்டாம் வகுப்பில் ஒளியின் வேகம் நடத்தும்போது இதைத்தான் உதாரணம் சொல்வேன், ஞாபகம் இருக்கிறதா? அந்தக் காலத்து வெளிநாட்டு அழைப்புகள் பல செயற்கைக்கோள் வழியே போகும். மேலே 36,000, கீழே 36,000, மொத்தம் 72,000 கிலோமீட்டர். நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் கால் நொடி ஆகும். பதில் வர இன்னொரு கால் நொடி. பழகாதவர்களுக்கு அந்த அரை நொடி பெரிய தடுமாற்றம்.

உதாரணம் மட்டும்தான் வகுப்பில் சொன்னேன். மிச்சத்தைச் சொன்னதில்லை. தடுமாற்றம் அடங்கியதும் அந்த மனிதர் அழுதிருக்கிறார். ஆடு மேய்ப்பதைச் சொல்லியிருக்கிறார். "வந்துடுங்கன்னு மூணு லெட்டர்ல எழுதுனேனே" என்று இவர் கேட்க, "நீ ஒரு தடவைகூட எழுதலையே, பொறுமையா இருன்னுதானே எழுதுன" என்று அவர் சொல்லியிருக்கிறார். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தவர் என்னைப் பார்த்து, "நான் சொன்னத நீங்க எழுதலையா சார்?" என்று கேட்டார். சத்தம்கூடப் போடவில்லை. பஸ்ஸில் வீடு வரைக்கும் ஒன்றும் பேசவில்லை. அதன் பிறகு அவர் என் திண்ணைக்கு வரவே இல்லை. ஆறு மாதத்தில் புருஷன் திரும்பி வந்துவிட்டார். நிலத்தில் பாதி போனது. மீதியில் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் போட்டுப் பிழைத்தார்கள், மகளைப் படிக்க வைத்தார்கள். நான் பயந்தபடி யாரும் அழிந்துவிடவில்லை.

அந்த 12 நிமிடப் பேச்சில்தான், போன் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது. கடிதத்தைவிட வேகம் என்பது சின்ன விஷயம். நடுவில் நான் இல்லை என்பதுதான் பெரிய விஷயம்.

அதற்குப் பிறகு வந்தது உங்களுக்கே தெரியும். பத்திரிகையில் நம்பருக்குப் பக்கத்தில் "பி.பி." என்று போடுவோமே, பக்கத்து வீட்டு போன் என்று அர்த்தம். அந்த வீட்டுக்காரர் நாம் பேசுவதைக் கேட்டுக்கொண்டே பேப்பர் படிப்பார். 1995 ஜூலை 31-ல் கல்கத்தாவில் ஜோதி பாசு முதல் செல்போன் அழைப்பைச் செய்தார். அப்போது நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை, வருகிற அழைப்புக்கும் காசு. 2003 மே மாதம் முதல் வருகிற அழைப்பு இலவசம் என்று ஆனதும்தான் செல்போன் ஏழை வீட்டுக்குள் நுழைந்தது. காசு போடாமலே கேட்கலாம், மிஸ்டு கால் கொடுத்தே சேதி சொல்லலாம். ஒரு ரிங் என்றால் பஸ் ஏறிவிட்டேன், இரண்டு ரிங் என்றால் கூப்பிடு. எந்தக் கம்பெனியும் கற்றுத்தராத பாஷை அது. 20 ஆண்டுகளில் அந்த 50 லட்சம், 90 கோடியைத் தாண்டியது. (நடுவில் நம் பெரம்பலூரின் எம்.பி.யாக இருந்த ஆ. இராசா 2007-ல் தொலைத்தொடர்பு அமைச்சர் ஆனதும், 2012-ல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்ததும், 2017 டிசம்பரில் தனி நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்ததும் தனிக் கதை. நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அதற்காக நடந்த சண்டையே போதும்.)

ஒரு தவறான எண்ணத்தைத் திருத்திவிடுகிறேன். செல்போன் நேராகச் செயற்கைக்கோளோடு பேசுகிறது என்று படித்தவர்கள்கூட நினைக்கிறார்கள். இல்லை. பக்கத்து டவரோடுதான் பேசுகிறது. டவரிலிருந்து பெரும்பாலும் மண்ணுக்குள் போகும் கண்ணாடி இழை, வெளிநாட்டுக்குக் கடலடிக் கேபிள். 2002-ல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் அப்படி ஒன்று போட்டார்கள். அரை நொடித் தடுமாற்றம் போனது அதனால்தான்.

செல்போன் வந்ததால் விவசாயி பிழைத்தான் என்று சொல்வார்கள். கேரளாவில் ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 1997 முதல் 2001 வரை மத்தி மீன் சந்தைகளைக் கவனித்தார். படகில் இருந்தே போனில் விலை கேட்டு எந்தக் கரைக்குப் போவது என்று மீனவர்கள் முடிவு செய்யத் தொடங்கியதும், மீன் வீணாவது ஏறக்குறைய நின்றது. மீனவருக்கு லாபம் சுமார் 8 சதவீதம் கூடியது, வாங்குகிறவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. நல்ல ஆராய்ச்சி. ஆனால் படகைத் திருப்பலாம், பட்டறையில் போட்ட வெங்காயத்தைத் திருப்ப முடியாது. திருச்சி மண்டி விலையை நம் விவசாயி இப்போது காலையிலேயே தெரிந்துகொள்கிறார், உண்மை. வியாபாரியிடமும் அதே போன் இருக்கிறது, அதுவும் உண்மை. விலை தெரியாமல் ஏமாந்த காலம் போய், தெரிந்துகொண்டே குறைந்த விலைக்கு விற்கிற காலம் வந்திருக்கிறது.

அதே நேரம், உயிர் காத்த கதையும் உண்டு. 2004 டிசம்பர் 26. சுனாமியை எந்தக் கோளும் முன்கூட்டி நமக்குச் சொல்லவில்லை. ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் வந்ததே 2007-ல்தான். ஆனால் புதுச்சேரியை அடுத்த நல்லவாடு மீனவர் கிராமத்துக்குச் சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர் இளைஞர் ஒருவர் போன் செய்தார். அங்கே டிவியில் சேதி பார்த்திருந்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்த ஊரில் ஒரு தகவல் மையம் வைத்து, அலை நிலவரம் சொல்ல ஒலிபெருக்கி கட்டியிருந்தது. போனில் வந்த சேதியை அதில் அறிவித்தார்கள். 3,500-க்கும் மேற்பட்டவர்கள் ஓடித் தப்பினார்கள். ஊரை விட்டுப் போனவன் ஊரைக் காப்பாற்றினான்.

எல்லாம் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. 2023 ஜூன் 2 இரவு ஒடிசாவில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்து. 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். என் வீட்டுக்கு எதிரே கட்டட வேலை செய்த ஒடிசாக்காரப் பையனின் அண்ணன் அந்த வண்டியில் வருவதாக இருந்தது. பையன் வாசலில் நின்று போட்டுக்கொண்டே இருந்தான். ரிங் போகிறது, எடுக்கவில்லை. நாலு மணி நேரம். அப்பாவுக்கு நாலு நாள். விடியும் முன் அண்ணனே கூப்பிட்டான், வேறு யாருடைய போனிலிருந்தோ. எனக்கு அவன் பாஷை தெரியாது. அவன் அழுத விதத்தில் தெரிந்துகொண்டேன்.

இனி அந்தம்மாவின் விஷயம். புருஷன் காலமாகி ஆறு வருடம் ஆகிறது. அவருக்கு இன்றும் எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மகளுக்குத் தினமும் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் போடுகிறார். மைக் படத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினால் போதும், வாத்தியார் தேவையில்லை. இதை எழுத அனுமதி கேட்டு நானும் அப்படியே ஒரு மெசேஜ் போட்டேன். 35 வருடத்துக்குப் பிறகு, தப்புதான் என்று அதில் சொன்னேன். மறுநாள் காலை பதில் வந்தது. மூன்று தடவை கேட்டுவிட்டு இங்கே எழுதுகிறேன்.

"எழுதுங்க சார், ஒண்ணும் இல்ல. அவரு எழுதுனதும் நீங்க எழுதுனதும் ரெண்டு கட்டும் பெட்டியில அப்படியேதான் இருக்கு. வரும்போது அதையும் தூக்கிட்டு வந்துட்டாரு. மககிட்ட குடுத்துப் படிக்கச் சொல்ல மனசு வரல. ஒரு நாளைக்கு வந்து, எதையும் விடாம, உள்ளத உள்ளபடி படிச்சுக் காட்டுங்க. மடிச்ச எடத்துல எழுதியிருக்கறதையும்."

வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறேன். கண் டாக்டரிடம் காட்டிக் கண்ணாடி மாற்றியாகிவிட்டது. அந்த மனிதருடைய எழுத்து ரொம்பப் பொடி.